ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல

“ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல, இன்னொண்ணு வந்தா என்னாயிரப் போகுது?” என்று மேனேஜர் செங்கோட்டுவேல் கேட்டபோது நான் நான்காவது கியரிலிருந்து ஐந்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றினேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மாற்றியிருக்கிறேன். கை தன் பாட்டுக்குப் போய் வந்திருக்கிறது, கால் கிளட்சை மிதித்து விட்டிருக்கிறது, கியர் பாக்ஸ் ஒரு முனகல்கூட இல்லாமல் வாங்கிக்கொண்டது. பன்னிரண்டு சக்கர வண்டி, லோடு இல்லை, பின்னால் பாடிக் கதவு கடகடவென்று ஆடுகிறது. சங்ககிரி பைபாஸில் மத்தியான வெயில், எதிரே ஒரு ஆம்னி வேன், அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்கர், ஓரத்தில் இளநீர்க்காரன், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. வண்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது, நான்தான் போகவில்லை. அந்தக் கேள்வி வந்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். வேலை கேட்டு வந்தவன் நான். லாரி ஓட்டுகிற வேலை. டிரையல் பார்க்க வண்டியைக் கொடுத்து, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வா பூபதி என்றார். நடக்க வேண்டியது அவ்வளவுதான். பாலம் வரைக்கும் போவது, பாலத்துக்கு அடியில் திருப்புவது, யார்டுக்கு வருவது, சரி அல்லது சரியில்லை என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது. பாலம் இன்னும் வரவே இல்லை. அதற்குள் என்ன சொல்லிவிட்டார் இந்த மனுஷர். இஞ்சின் சத்தத்தில் என் காதில் ஏதாவது தப்பாக விழுந்திருக்கக் கூடாதா என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். விழவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாகத்தான் விழுந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்கலாம். பார்க்கப் பயமாக இருந்தது, ரோட்டையே பார்த்தேன்.

செங்கோட்டுவேல் டிரையல் பார்க்கிற விதம் இந்த வட்டாரத்து டிரைவர்கள் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற அழகெல்லாம் அவருக்கு வேண்டாம், காது போதும். கியர் மாறும்போது பல் கடிக்கிறதா, வேகத்தடைக்கு முன்னால் இஞ்சின் எப்படி இறங்குகிறது, பிரேக்கில் காற்று எத்தனை தடவை போகிறது, இதைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவாராம். தூங்குகிறார் என்று நினைத்து போனை எடுத்தவனை அடுத்த டீக்கடையில் இறக்கிவிட்டாராம். நானும் காலையிலிருந்து அந்தக் காதுக்காகத்தான் தயாராகி வந்தேன். கேட்டைத் தாண்டும்போதே அவர் கண் மூடியாயிற்று. வெள்ளைச் சட்டை, பையில் கண்ணாடிக் கூடு, மடியில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நிம்மதியாகச் சாய்ந்திருந்தார். நான் அப்போதுதான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தால் இந்நேரம் பாலத்துக்குப் போயிருப்பேன், வேலையும் கிடைத்திருக்கும், பிறகு சரிபார்ப்பில் மாட்டி வேலையும் போயிருக்கும், அது எனக்குப் பழகின கஷ்டம். இது பழகாத கஷ்டம். “சார், ஒண்ணு சொல்லிறணும். எம்பேர்ல ஒரு கேசு இருக்குதுங்க. ஆக்சிடெண்டு. ஃபைன் கட்டி முடிஞ்சு போச்சுங்க. ஆனா அன்னைக்கு வண்டி ஓட்டினது நானில்லீங்க, ஓனரு மருமகனுக்காக நான் ஒத்துக்கிட்டேனுங்க,” என்றேன். மூடின கண் திறந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

நம்பத்தான் செய்தார். அதில் குறையே இல்லை. “அப்படியா? நீயேதான் போய் நின்னியா?” என்று கேட்டார். ஆமாங்க. “கோர்ட்டுலயும் மாத்திப் பேசலையா?” இல்லீங்க. “ஓனரு பேரு எங்கயும் வரலையே?” வரலீங்க. நல்லது, நல்லது, என்று தலையை ஆட்டிக்கொண்டார், நான் என் நல்ல குணத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். முதுகை வேறு நிமிர்த்தினேன். அப்புறம்தான் அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார். இன்று விடியற்காலை அவர்கள் வண்டி ஒன்று இந்தப் பைபாஸிலேயே ஒரு ஆளைத் தட்டிவிட்டதாம். ஆள் காலியாம். டிரைவர் பயந்துகொண்டு நிற்காமல் வந்துவிட்டானாம். அதுகூடப் பரவாயில்லை, அவனுடைய ஹெவி லைசன்ஸ் காலாவதியாகிவிட்டதாம், புதுப்பிக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தானாம். “அவன் பேர்ல போனா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான் பூபதி. மொத்தமும் ஓனரு தலையில விழும். சாயங்காலத்துக்குள்ள லைசன்ஸ் சரியா இருக்கற ஆளு ஒருத்தன் நாந்தான் ஓட்டினேன்னு ஸ்டேஷனுக்குப் போவணும். வக்கீலு கூடவே வருவாரு. நீ ஏற்கெனவே பார்த்தவன், உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. நின்னீன்னா வேலை உனக்குத்தான், உன்னை நாங்க விட்டுருவமா?” அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி. ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல. கேட்டுவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். என் பதிலையும் கியர் சத்தத்திலேயே கேட்டுக்கொள்வார் போலிருக்கிறது.

எனக்குக் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், என் உடம்பாவது எனக்காகக் கொஞ்சம் பதறுகிறது என்று இருந்திருக்கும். உள்ளங்கை மட்டும் குளிர்ந்துவிட்டது, இந்த வெயிலில், இந்த இஞ்சின் சூட்டில். என் காதுக்குள் பூங்கொடியின் குரல் வேறு. காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், “மாமா, இந்தத் தடவை நீங்களே முன்னாடி சொல்லிருங்க. அவங்களாக் கண்டுபிடிச்சுக் கேட்டா களவாணி மாதிரி நிக்கறீங்க. நீங்க இடிக்கலைங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க. உண்மையைச் சொன்னா ஒருத்தராவது காது குடுக்காமயா போயிருவாங்க?” காது கொடுத்துவிட்டார் பூங்கொடி, இந்த ஜில்லாவிலேயே நல்ல காது. அவளைக் குறை சொல்லி என்ன. சமையல் கேஸ் டேங்கர் கம்பெனியில் மூன்று டிரிப் நன்றாக ஓட்டினேன், நான்காவதற்குக் கிளம்பும்போது போலீஸ் சரிபார்ப்பு வந்தது, வண்டியிலிருந்து என் துணிப் பையை எடுத்துக் கீழே வைத்தார்கள். வைத்தவன் நல்லவன், எறியவில்லை. சிமெண்ட் ஃபேக்டரியில் கேட்டுக்குள்ளேயே விடவில்லை, உள்ளே போகிற டிரைவர் எல்லோருக்கும் நன்னடத்தைச் சான்று வேண்டுமாம். கோழித் தீவனக் கம்பெனியில் ஓனரே என்னிடம், உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே தம்பி என்று வருத்தப்பட்டார், வருத்தப்பட்டுவிட்டு அனுப்பிவைத்தார். இப்போதெல்லாம் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவன் வண்டியை இரண்டு நாள் ஓட்டுகிற ஆக்டிங் டிரைவர் நான். அடுத்தவனுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறவன். பூங்கொடிக்கு நூல் மில் ஒத்துக்கொள்ளாது, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி விசில் மாதிரி இழுக்கிறது, இனிமேல் அங்கே போகவே கூடாதம்மா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் போகிறாள். என்னால் போகிறாள். இதை நான் ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.

எல்லாம் ஒரு ஆயுத பூஜையில் வந்த வினை. பழைய ஓனர் மாதேஸ்வரனிடம் அப்போது எனக்கு நல்ல பேர். வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூஜை முடிந்ததும் வீட்டு ஆட்கள் ஏறி ஊரை ஒரு சுற்று வருவது அவர்கள் வழக்கம். வழக்கமாக நான்தான் ஓட்டுவேன், நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் வாசனை கேபின் வரைக்கும் ஏறி வரும், எனக்கு அது பிடிக்கும். அந்த வருஷம் புது மருமகன் வந்திருந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, மூக்குக் கண்ணாடி, கார் மட்டும் ஓட்டத் தெரிந்தவன். நான் ஒரு சுற்று எடுக்கிறேன் மாமா என்றான், மாமனாரும் பூரித்துப்போய்ச் சாவியைக் கொடுத்தார். நான் பக்கத்து சீட்டில், மடியில் பொரியும் கடலையும் உள்ள தட்டு. கண்ணாடிக்கு முன்னால் கட்டின மாலை அசைந்து அசைந்து அவன் பார்வையை மறைத்தது. சார் மெதுவா, என்றேன். சார் ஓரம், என்றேன். பழனியாண்டி என்று ஒருவர், மொபெட்டில் வாழை இலைக் கட்டு எடுத்துக்கொண்டு போனார், பண்டிகை நாள் அல்லவா, நல்ல வியாபாரம். அவர் கால் முறிந்தது. பொரித் தட்டு கவிழ்ந்து கேபின் முழுக்கப் பொரி, நான் இறங்கி ஓடினபோது என் சட்டையிலிருந்து ரோட்டில் பொரி கொட்டிக்கொண்டே வந்தது, அதை எப்படி மறப்பது. அன்று சாயங்காலம் மாதேஸ்வரன் என் தோளில் கை போட்டார். பூபதி, மாப்பிள்ளைக்கு வெளிநாடு போகிற நேரம், அவனுக்குக் கேசு வந்தால் விசா வராது, உனக்கென்ன, நீ டிரைவர், டிரைவருக்குக் கேசு சகஜம்தானே, காலம் பூராவும் நம்மிடம்தானே இருக்கப்போகிறாய், என்றார். தோளில் கை போட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் காலமெல்லாம் இருக்கவில்லை, அடுத்த வருஷமே வண்டிகளை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். கேசு மட்டும் என்னோடு இருக்கிறது.

ஆனால் அதைச் சின்ன விஷயம் என்றுதான் நான் இதுவரை நினைத்து வந்திருக்கிறேன், இப்போதுதான் தெரிகிறது நான் அப்படி நினைக்கவே இல்லை என்று. கோர்ட்டில் ஜட்ஜம்மா, குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார், ஒத்துக்கொள்கிறேன் என்றேன், அவர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடுத்த கேசு கூப்பிட்டார்கள். அது சுலபம். வெளியே வராந்தாவில்தான் கஷ்டம். பழனியாண்டி ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், கூப்பிட்டார். “ஏப்பா, அன்னைக்கு ஸ்டியரிங்குல இருந்தவன் கண்ணாடி போட்டிருந்தானே. நீ எறங்கி ஓடி வந்து எனக்குத் தண்ணி குடுத்தவனாச்சே?” என்றார். நான், இல்லீங்க, நான்தான் ஓட்டினேன், என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. வலியில் தனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதோ என்று யோசிக்கிற முகம் அது. “அப்ப எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சுதாட்டம் இருக்குது,” என்றார். தன் கண்ணால் பார்த்ததை அந்த மனுஷன் எனக்காக இல்லையென்று ஆக்கிக்கொண்டார். அவர் கால் முறிந்ததற்கு நான் காரணமில்லை. ஆனால் இதற்கு நான்தான் காரணம். இதற்கு எந்தச் செக்‌ஷனும் இல்லை, எந்தச் சரிபார்ப்பிலும் இது வராது. இதை நான் பூங்கொடியிடம்கூடச் சொன்னதில்லை. இவரிடம் சொல்ல முடியுமா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிற இவரிடம். சொன்னால், பார் எவ்வளவு உறுதியாக நின்றிருக்கிறாய் என்று அதற்கும் ஒரு தலையாட்டு ஆட்டுவார்.

பாலம் வந்துவிட்டது. இண்டிகேட்டரைப் போட்டு, கியரைக் குறைத்து, அடியில் திருப்பினேன். நிழலுக்குள் நுழைந்ததும் கேபின் இருட்டாகிக் குளிர்ந்தது, இஞ்சின் சத்தம் சுவரில் மோதிப் பெரிதாகத் திரும்பி வந்தது. நிழல் போய் வெயில் வந்தபோது செத்தது யார் என்று நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. இவ்வளவு நேரம் என்னைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். “செத்தது யாருங்க சார்?” என்றேன். என் குரல் எனக்கே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. “பொம்பளைங்கறாங்க. ஆட்டை ஓட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டினாளாம். ஏன், தெரிஞ்ச ஆளா இருக்கும்னு பார்க்கிறயா? அதெல்லாம் வெளியூரு மாதிரிதான் இருக்குது,” என்றார், கண்ணைத் திறக்காமலே. பேருங்க? “பேரெல்லாம் வக்கீலுக்குத் தெரியும்.” இதே ரோடு. விடியற்காலை. அப்படியானால் போகும்போது அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம், எந்த இடம், இளநீர்க்காரன் நின்ற இடமா, மணல் கொட்டியிருந்ததே அந்த இடமா, ஓரத்தில் நாலைந்து ஆடு மேய்ந்துகொண்டிருந்ததே, ஓட்ட ஆளில்லாமல் நின்ற ஆடுகளா அவை. நிற்காமல் வந்தவனை நினைத்தேன், அவனும் பயந்துதான் ஓடி வந்திருப்பான், எங்கேயோ ஒரு கட்டிலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பான், சாயங்காலம் ஆனால் அவன் போர்வையை விலக்கி எழுந்து டீ குடிக்கலாம், நான் ஸ்டேஷனில் போய் உட்காருவேன். அந்தப் பெண்ணின் புருஷனோ பிள்ளையோ ஸ்டேஷன் வாசலில் நிற்பான். என் முகத்தைப் பார்ப்பான். என் முகத்தைத்தான் சாகிற வரைக்கும் ஞாபகம் வைத்துக்கொள்வான். நான் மார்க்கெட்டில் தக்காளி வாங்கும்போது எங்கிருந்தோ பார்த்து இவன்தான் என்று காட்டுவான்.

இன்னொன்று வந்தால் என்னாயிரப் போகிறது என்றால், என்னவெல்லாமோ ஆகும் சார். நீங்கள் ஒன்றும் தெரியாத ஆளில்லை. முதல் கேசு காயம், இது சாவு. ஏற்கெனவே ஒன்று இருக்கிறவனை ஜட்ஜ் வேறு கண்ணால்தான் பார்ப்பார், இவன் எப்போதும் இப்படித்தான் ஓட்டுகிறவன் என்று எழுதிவிடுவார், உள்ளே போட்டாலும் போடுவார். லைசன்ஸைப் பிடுங்கினால் அப்புறம் நான் எதை ஓட்டுவது. டிரைவர் வேலை கேட்டு வந்தவனிடம் இனிமேல் வண்டியே ஓட்ட முடியாதபடிக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறீர்களே. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே. மனதுக்குள் நன்றாக, கோர்வையாக, கோபமாக வருகிறது. முடியாதுங்க என்று ஒரு வார்த்தை. அதற்கு வாயைத் திறக்கிறேன், திறந்த வாய்க்குள் மில்லுக்குப் போகிற பூங்கொடி மூச்சிழுக்கிற சத்தம் கேட்கிறது, மூடிவிடுகிறேன். அப்புறம் இன்னொரு நினைப்பு ஓரமாக வந்து நிற்கிறது, அதைப் பார்க்கக்கூடாது என்று ரோட்டைப் பார்க்கிறேன், ரோட்டிலும் அது வருகிறது. சாயங்காலமே ஜாமீன் கிடைத்தாலும் கிடைக்கும். கேசு வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரைக்கும் இவர்களுக்கு நான் வேண்டும், என்னை நன்றாக வைத்திருந்துதான் ஆக வேண்டும். என்னை விரட்டவே முடியாத ஒரு முதலாளி. அடச்சீ. இந்த நினைப்பு எனக்குள்ளேதான் இருந்ததா, அந்த ஆளின் பேச்சைக் கேட்டுக் கேட்டு இப்போது ஒட்டிக்கொண்டதா. செத்துப்போன பொம்பளையின் பேர்கூட எனக்குத் தெரியாது, அதற்குள் அவள் சாவில் எனக்கு என்ன மிச்சம் என்று பார்த்துவிட்டேன். இதைவிடப் பெரிய அதிர்ச்சி இன்றைக்கு இனி எனக்கு எதுவும் இருக்காது என்று நினைத்தேன். சுங்கச்சாவடிக்குப் போகிற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின, நான் இடது ஓரமாகவே போனேன்.

யார்டின் மதில் தெரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்த போன் அடித்தது. பூங்கொடி. மில்லில் டீ நேரம். அடித்து ஓயட்டும் என்று விட்டேன். “வீட்டுலயா? ஓரங்கட்டிட்டுப் பேசு, பரவால்ல,” என்றார் செங்கோட்டுவேல், கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினதும் அவரே கையை நீட்டிப் பச்சையை அழுத்தி ஸ்பீக்கரிலும் போட்டார். நான் ஹாரன் அடிக்காமலே வாட்ச்மேன் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து சங்கிலியை அவிழ்க்கத் தொடங்கினான். “மாமா, சொன்னீங்களா?” மூச்சு வாங்குகிறது அவளுக்கு, பின்னால் மிஷின் இரைச்சல். சொன்னேன், என்றேன். “என்ன சொன்னாங்க?” செங்கோட்டுவேல் என்னைப் பார்த்துச் சொல்லு என்று கண்ணால் காட்டினார். இந்த மனுஷருக்கு ஒளிவு மறைவே கிடையாது. எனக்குத் திடீரென்று ஒரு நிம்மதி வந்தது. சொல்லிவிடலாம். என் வாயில் வராத ‘முடியாது’ அவள் வாயில் வரும். வந்தே தீரும். உண்மையைச் சொல்லுங்கள் என்று அனுப்பி வைத்தவள், வாசல் கோலத்தில் எறும்பு செத்தாலே மனசு கேட்காதவள், போனிலேயே கத்துவாள், சாவியை அந்த ஆள் மூஞ்சியிலேயே போட்டுட்டு வாங்க மாமா என்பாள், நானும் என்ன சார் செய்வது, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று பேர் வரட்டும், சந்தோஷம். அதனால் எதையும் மறைக்காமல் சொன்னேன். “வேலை தர்றாங்களாம். ஆனா ஓட்டறதுக்கு இல்ல. காத்தால இவங்க வண்டியில ஒரு பொம்பளை அடிபட்டுச் செத்துருச்சு. ஓட்டினவனுக்கு லைசன்ஸ் இல்ல. நாந்தான் ஓட்டினேன்னு இன்னைக்குச் சாயங்காலம் நான் போய் நிக்கணுமாம். ஏற்கெனவே நின்னவன்ங்கறதால கேக்கறாங்க. நின்னா வேலை.”

அந்தப் பக்கம் மிஷின் மட்டும் ஓடியது. யாரோ ஒருத்தி, பூங்கொடி டீ ஆறுது பாரு, என்றாள். எனக்குப் பூங்கொடி நிற்கிற இடம் தெரியும், பஞ்சுப் பொதிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. கத்துவதற்கு மூச்சைப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். சங்கிலி விழுந்தது, கேட் ஒரு பக்கம் திறந்தது, வாட்ச்மேன் இன்னொரு பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போனான். “மாமா,” என்றாள். சொல்லு, என்றேன். “போன தடவை மாதிரி அன்னைக்கே விட்டுருவாங்களா?” எனக்குப் புரியவில்லை. புரிந்தது, புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆளு செத்த கேசு பூங்கொடி, என்றேன் மறுபடியும், முதல் தடவை மிஷின் இரைச்சலில் அது மட்டும் காதில் விழாமல் போயிருக்கும் என்பது போல. “கேட்டுச்சுங்க,” என்றாள். அழுகிறாள். அழுகை வேறு, இழுப்பு வேறு, எனக்கு இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரியும், இது அழுகைதான். “நீங்க உள்ள இருந்தீங்கன்னா, அந்த மாசமெல்லாம் சம்பளம் நடக்குமான்னு கேளுங்க மாமா. என்னால இங்க முடியல.”

செங்கோட்டுவேல் ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவருக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கும். நான் காத்திருந்தேன். எதற்கு என்று தெரியாது, அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்வாள் என்றா, நான் சொல்வேன் என்றா. கேட் முழுசாகத் திறந்தாயிற்று, வாட்ச்மேன் வா வா என்று கையை ஆட்டினான். போனில் அவள் இன்னும் இருந்தாள், வைக்கவில்லை. நான் முதல் கியரைப் போட்டேன். அவர் பக்கம் திரும்பினேன்.

“சம்பளம் நடக்குமான்னு கேக்கறா,” என்றேன்.